கம்பு இறங்கிய கை

என் மகள் எஸ்தருக்கு நோய் இருப்பது கண்ணுக்குத் தெரிந்த அன்று, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தோம்.

புதிர் போடுவதற்காக இப்படித் தொடங்கவில்லை. நடந்தது அதுதான். இதே நோயுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, எங்கே தவறவிட்டோம் என்று தவிக்கும் தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் திறமை எனக்குக் கிடையாது. என் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பலரை வாசலோடு அனுப்பியவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரர் ஞானமுத்து, தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்தார். எங்களுக்கு எஸ்தர் ஒருத்திதான்.

மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் தீப்பெட்டி என்று இருந்த ஊர். மழை பெய்ததாக எனக்கு அதிகம் நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கம்பெனிக்குப் போய்க் கட்டை அடுக்க உட்காருவார்கள். கட்டை என்பது வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சியை வைக்க வேண்டும். சம்மணம் போட்டுக் கழுத்தை மடக்கி, சட்டத்தை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு செய்கிற வேலை. பத்து வயதுக்குள் தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிடும். காலையில் ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள். புதிதாக வரும் டீச்சர்கள் அதைத் திமிர் என்று நினைப்பார்கள். அந்தப் பிள்ளைகளால் முடியாது என்பதுதான் உண்மை.

என் வீட்டுக்காரருக்குக் கம்பு தெரியும். படித்தவர்கள் சிலம்பம் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் கம்பு, அவ்வளவுதான். ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்தவர் முகம் கழுவாமலே என்னிடம் சொன்னார்.

"இதுக கூன் விழுற வயசா? மருந்து முக்கிக்கிட்டே பாக்கேன், அம்புட்டும் முட்டுக்கட்டை மாதிரி உக்காந்திருக்குக. ஆளுக்கொரு கம்பைக் குடுத்து நிமித்தப் போறேன்."

"ஒங்க முதுகை மொதல்ல நிமித்துங்க" என்றேன். அவர் கேட்கவில்லை.

கண்மாயில் தண்ணீர் இல்லாததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. கம்பெனி விட்டதும் பொழுது அடங்குவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். எடுத்த எடுப்பில் கம்பைக் கொடுக்க மாட்டார். சும்மா நிற்கச் சொல்வார். பாதத்தை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகை நேராக வைத்து நிற்பது. பிறகு கால்பாடம், அதாவது எந்தக் காலை எப்போது எங்கே எடுத்து வைப்பது என்ற பழக்கம். அதற்குப் பிறகுதான் கம்பு.

அந்தப் பிள்ளைகளின் உடம்பில் நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் தினமும் பார்த்தேன். தோள் பின்னால் போனது. பாட்டுப் பாடும்போது அடியின் நடுவில் மூச்சு வாங்காமல் கடைசி வரை போனார்கள். ஓடும்போது தடுக்கி விழுந்தால் முன்பெல்லாம் பல்லை உடைத்துக்கொண்டு வருவார்கள். இப்போது உருண்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பந்தை இடது கையாலும் பிடித்தார்கள். கட்டை அடுக்குவது நிற்கவில்லை. சாப்பாடு அதிலிருந்து வந்தது. ஆனால் அதை முடித்து எழுந்த பிறகு நிமிரத் தெரிந்தது.

எஸ்தர் கம்பெனிக்குப் போகிற பிள்ளை இல்லை. டீச்சர் மகள் என்ற செல்லம். ஆனால் எதிலாவது இடித்துக்கொள்ளாமல் அறையைக் கடக்கத் தெரியாது. தண்ணீர் எடுத்து வந்தால் வாசலிலிருந்து அடுப்படி வரை கோடு போட்டுக்கொண்டு வருவாள். எட்டு வயதில் தகப்பனோடு கண்மாய்க்குப் போக ஆரம்பித்தாள். தெருவில் பேச்சு வராமல் இருக்குமா?

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் கம்பு? நாளைக்குக் கட்டிக்கப் போறவனை அடிக்கவா?" என்று பக்கத்து வீட்டு மாரியம்மா கேட்டாள்.

"அடிக்கிற மாதிரி ஒருத்தன் வந்தா அடிக்கட்டும்" என்றேன்.

ஒரு வருடத்தில் எஸ்தர் வேறு பிள்ளையாகிவிட்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவாள், ஒரு சொட்டுச் சிந்தாது. படியில் இறங்கும்போது பார்க்காமலே கால் சரியான இடத்துக்குப் போகும். என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு அழகாக நடக்கிறதே என்று நான் அடுப்படியிலிருந்து திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். கண்பட்டுவிடும் என்றெல்லாம் நம்பாத வேதக்கார (கிறிஸ்தவ) வீடு எங்களுடையது. இருந்தும் வெளியே சொன்னதில்லை.

வீட்டில் பழக அவளுக்கு ஆள் தேவைப்பட்டது. அகப்பையும் கையுமாக நிற்கும் என்னை முற்றத்துக்கு இழுத்துப் போவாள்.

"அம்மா, நீ வடக்க பாரு. நான் தெக்க பாக்கேன். என் முதுகோட ஒன் முதுகை ஒட்டி நில்லு."

"ஏட்டி, குழம்பு கொதிக்கி."

"கொதிக்கட்டும். இது கூட்டத்துல மாட்டுனா நிக்கிற நெலை. ரெண்டு பேரு இப்பிடி நின்னா நாலு பக்கமும் கண்ணு இருக்கும். நீ அசைஞ்சா எனக்குத் தெரியும், நான் அசைஞ்சா ஒனக்குத் தெரியும். திரும்பி மட்டும் பாக்கக் கூடாது. ஒருத்தர் திரும்புனா இன்னொருத்தருக்கு முதுகு இல்லாமப் போயிரும்."

அவளுடைய தோள் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அவள் காற்றில் கம்பை வீசும்போது சின்ன முதுகின் எலும்புகள் என் முதுகில் அசைவது தெரியும். குழம்பு பல நாள் அடிப்பிடித்தது.

பத்தாவது வயதில், ஐப்பசி மாதம், தொண்டை வலி என்றாள். காய்ச்சலும் இருந்தது. மிளகுக் கஷாயம் கொடுத்தேன், சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து முட்டி வலி. அது போய்க் கணுக்கால் வீங்கியது. அது போய் முழங்கையில் வலித்தது. அவர் விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டார்.

"கால்பாடம் பழகுற பிள்ளைக்கு மூட்டு வலிக்காம இருக்குமா? எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வலி குறைந்த நாட்களில் அவள் கண்மாய்க்குப் போனாள்.

கம்பு பழகுகிறவர்களிடம் அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. நன்றாகப் பழகிய பிள்ளைக்கு, கையில் கம்பு இல்லாத நேரத்திலும் மணிக்கட்டு தானாகச் சுழலும். சாப்பிடும்போது, தூங்கும்போது, கோயிலில் நிற்கும்போது. அதைப் பார்த்துவிட்டால் "கம்பு இறங்கிருச்சு" என்பார்கள். எல்லாருக்கும் இறங்காது. இறங்கிய பிள்ளையின் வீட்டில் இனிப்புக் கொடுப்பது வழக்கம்.

தை பிறந்து சில நாள் இருக்கும். எஸ்தர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த வலது கையின் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. விரல்கள் விரிந்து மூடின. மறுபடியும் திரும்பியது. அவள் கையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சிரித்தாள்.

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "ஏய், பாத்தியா! பாத்தியா! எம்மகளுக்குக் கம்பு இறங்கிருச்சு!" என்று கூவினார். எச்சில் கையோடு அவளைத் தூக்கிச் சுற்றினார். அன்றைக்கே சாத்தூருக்குப் போய்க் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தார். ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்தரே தெருவில் எல்லா வீட்டுக்கும் போனாள். மாரியம்மாகூட வாங்கித் தின்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் கை இன்னும் அதிகமாக ஆடியது. எழுத்து கோணலானது, கோட்டைத் தாண்டி ஓடியது. தம்ளரை எடுத்தால் தண்ணீர் முகத்தில் கொட்டியது. ஐந்தாம் வகுப்பு சார் என்னிடம் வந்து, "ஒங்க பிள்ளை என்னப் பாத்துப் பழிப்புக் காட்டுதும்மா" என்றார். வீட்டில் கவனித்தேன். உதடு ஒரு பக்கம் இழுத்து விட்டது. புருவம் ஏறி இறங்கியது. காரணமில்லாமல் அழுதாள், அந்த அழுகை முடிவதற்குள் சிரித்தாள்.

ஒரு காலையில் குடத்தோடு படியில் இறங்கும்போது இடது கால் தானாக உதறியது. குடம் உடைந்தது. பார்க்காமலே படியிறங்கும் பிள்ளை, உடைந்த ஓட்டின் நடுவில் உட்கார்ந்து, "அம்மா, இது நான் ஆட்டல. அதுவா ஆடுது" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மூவரும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். எஸ்தரின் கை பெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் அந்தக் கையைப் பிடித்து என் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கேயும் அது ஆடியது.

டாக்டர் அம்மா பாளையங்கோட்டைக்காரர். அதிகம் பேசமாட்டார். என் வீட்டுக்காரர் அவர் கேட்பதற்கு முன்பே பெருமையாக ஆரம்பித்தார்.

"கம்பு பழகுறா டாக்டரம்மா. கம்பு கையில இறங்கிருச்சு. அதான் ஆடுது. கொஞ்சம் கூடிப்போச்சு, அதைக் கொறைக்க ஏதாவது மருந்து குடுங்க."

டாக்டர் அதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எஸ்தரை நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடியது. "என் ரெண்டு விரலையும் இறுக்கிப் பிடி பாப்போம்" என்றார். எஸ்தர் பிடித்தாள். பிடி இறுகியது, தளர்ந்தது, இறுகியது. நான் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள்.

"பால் கறக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றார் டாக்டர். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இடது கையும் ஆடுதே. முகமும் கோணுதே. முகத்துக்கும் கம்பு இறங்குமா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

தொண்டை வலி வந்ததா, மூட்டு வலி வந்ததா, வலி இடம் மாறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் புரிந்தது. அது ருமாட்டிக் ஜுரம் (தொண்டைப் புண்ணில் தொடங்கி மூட்டையும் இருதயத்தையும் தாக்குகிற காய்ச்சல்). கை ஆடுவது கொரியா (நம் விருப்பம் இல்லாமலே கை, கால், முகம் துடிக்கிற நோய்). அந்தக் காய்ச்சலின் வால் அது. மூட்டு வலி போய்விடும், கொரியாவும் போய்விடும் என்றார். பிறகு எஸ்தரின் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருதயத்தில் மர்மர் (துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல்) இருந்தது. வால்வு, அதாவது ரத்தத்தை ஒரே பக்கமாக விடுகிற கதவு, வீங்கியிருக்கலாம் என்றார். வீக்கம் ஆறும்போது தழும்பு விழாமல் இருக்க வேண்டும். அதற்கு அவள் படுத்தே இருக்க வேண்டும். எழுந்து உட்காரவும் கூடாது.

என் வீட்டுக்காரர் கதவருகே நின்று கேட்டார். "காய்ச்சல் இருக்கையில நான் ஆடவிட்டேன் டாக்டரம்மா. அதனாலதானா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப ஓய்வு எடுத்திருந்தா நல்லதுதான். ஆனா எடுத்திருந்தாலும் இது வந்திருக்கும். கம்பால வந்த நோய் இல்ல இது. தொண்டையில வந்த கிருமியால வந்தது."

சொன்னது நான்கு வாக்கியம். என் வீட்டுக்காரர் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் மற்ற மூன்றையும் அவர் காதில் நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டிலின் சட்டத்தில் கை கால் அடித்துப் புண்ணாகாமல் இருக்க, பழைய சேலையில் பஞ்சை வைத்துச் சுற்றிக் கட்டினேன். தூக்க மருந்து கொடுத்தார்கள். காய்ச்சலுக்குக் கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரை அதிகமாகி, காதுக்குள் கம்பெனிச் சங்கு ஊதுகிறது என்றாள். சோற்றை நான் ஊட்டினேன். பாதி வாயில், பாதி தலையணையில். பேச்சு குழறியது. அவள் சொல்வது எனக்கு மட்டும் விளங்கியது.

எதையும் விட அவளை வாட்டியது படுத்துக் கிடப்பதுதான். ஓடித் திரிந்த பிள்ளையைக் கட்டிலில் போட்டு அசையாதே என்றால், அது தண்டனையாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சில வாரம், பிறகு வீட்டில் பல மாதம். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். என்ன என்று கேட்டால், "கால்பாடம் போட்டுக்கிட்டு இருக்கேன், பேச்சுக் குடுக்காத, தப்பிரும்" என்பாள்.

கண்மாயில் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கம்புகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். கம்பெனி விட்டு வந்தால் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தோள் பழையபடி முன்னால் வர ஆரம்பித்தது. நான் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அவளாகவே ஒருநாள் கேட்டாள். "அப்பா, நீங்க ஏன் கண்மாய்க்குப் போகல?"

"எதுக்கும்மா? நீ வராம."

"நான் ஆடலைன்னா ஊருப் பிள்ளைக அம்புட்டும் கூனணுமா?"

நாக்குக் குழறியதால் அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சில நாள் கழித்துப் பரணிலிருந்து கம்புக் கட்டை இறக்கினார்.

ஆனால் அதற்கு முன்னால் தனியாக விருதுநகருக்குப் போய், தொண்டையில் எதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து அவருடைய களத்தில் முதல் பாடம் நிற்பது அல்ல, வாயைத் திறப்பது. பிள்ளைகள் வரிசையாக ஆகாயத்தைப் பார்த்து வாயைத் திறப்பார்கள். இவர் டார்ச் லைட் அடித்துப் பார்ப்பார். தொண்டை சிவந்திருந்தால், மூட்டு வலி என்று சொன்னால், கம்பைத் தொட விடமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் வரச் சொல்வார். அக்கம்பக்கத்து ஊர்களில் கம்பு பழக்குகிறவர்கள் சிரித்தார்கள். "ஞானமுத்து மாட்டுக்குப் பல்லுப் பாக்காரு" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெயில் காலம் முடிந்த ஒரு காலையில் கஞ்சியோடு அவளை எழுப்பப் போனேன். வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது. ஆடவில்லை. பயந்துபோய்த் தொட்டேன். சூடாக இருந்தது. விரலைப் பிடித்தேன்; அவளும் பிடித்தாள்; பிடி தளரவில்லை. அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர், அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். அது ஆடத் தொடங்கியபோது தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தவர், நின்றபோது கடைப்பக்கம் போகவில்லை.

டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னபோது அவள் கால் குச்சியாகிவிட்டிருந்தது. ஆனால் தரையில் நிறுத்தியதும் பாதம் தானாக அகன்றது, முட்டி தளர்ந்தது, முதுகு நேரானது. நடக்க மறந்த உடம்புக்கு நிற்பது மறக்கவில்லை. மற்றப் பிள்ளைகளை விடச் சீக்கிரம் நடந்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். கம்பு பழகியதால் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். குழலை வைத்துக் கேட்டபோது இரைச்சல் மட்டும் போகவில்லை. தழும்பு விழுந்துவிட்டது.

இனிமேல் ஒவ்வொரு தொண்டை வலியும் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் கெடுக்கும். அது வராமல் இருக்க மாதம் ஒரு பெனிசிலின் ஊசி. மாட்டு ஊசி மாதிரி கனம். போட்டால் அந்தப் பக்கம் இரண்டு நாள் உட்கார முடியாது. அப்போதிருந்து எங்கள் வீட்டில் மாதம் என்பது ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரை. கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் என்று யாராவது கேட்டால், இன்னும் ரெண்டு ஊசி இருக்கு என்பாள்.

நல்ல வருடங்களும் இருந்தன. அதை மறைக்கக் கூடாது. கம்பு கூடாது, ஓட்டம் கூடாது. ஆனால் சாயங்காலம் மெதுவாக நடந்து கண்மாய்க் கரையில் போய் உட்காருவாள். ஆடுகிற பிள்ளைகளைக் கரையிலிருந்தே அதட்டுவாள். "ஏலே, வலது காலை ஏன்லே இழுக்கே? தூக்கி வையி" என்று அவள் கத்துவது வீடு வரை கேட்கும். பெரிய ஆட்களும் காலைத் தூக்கி வைப்பார்கள்.

பதினான்கு வயதுக்கு மேல் கத்த முடியாமல் போயிற்று. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. கால் வீங்கியது. கதவு சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது சுருங்கிய வால்வை விரலால் விரித்துவிடும் ஆபரேஷன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நாள் ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். சுருக்கத்தோடு கசிவும் இருக்கிறது, விரித்தால் இன்னும் கசியும் என்று திருப்பி அனுப்பினார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எம்புட்டுத் தண்ணி ஓடுதும்மா ஊரு ஊருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கடைசி மாதங்களில் அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுந்து நிற்கத் துடித்த பிள்ளையைப் பல மாதம் படுக்க வைத்தோம். இப்போது படுக்க ஆசைப்பட்டவளுக்கு அது கிடைக்கவில்லை. இதை எந்தத் தேவனிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். பதில் வரவில்லை என்பதை ஒரு கிறிஸ்தவப் பள்ளி டீச்சராக இங்கே எழுதுகிறேன்.

தலையணை அடுக்கிப் பார்த்தோம், அமுங்கிப் போனது. சுவர் குத்தியது. அப்போதுதான் அவள், "அம்மா, நீ வடக்க பாத்து உக்காரு" என்றாள்.

காலைத் தரையில் ஊன்றிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் தெற்கே பார்த்து என் முதுகில் சாய்ந்தாள். இப்போது அவள் தோளும் என் தோளும் ஒரே உயரம். அன்றிலிருந்து அதுதான் எங்கள் இருப்பு. லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் இருதயம் என் முதுகில் அடிக்கும். தாளம் தப்பி, ஓடி, நின்று, மறுபடி ஓடும். டாக்டர் குழலை வைத்துக் கேட்டதை நான் முதுகால் கேட்டேன். மருந்து பிடிக்கிறதா இல்லையா என்பது எனக்கு அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்தது. நான் அழுதால் அவளுக்கும் தெரிந்துவிடும். "அசையாத" என்பாள்.

கடைசிநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்திருந்தது. அவர் வீட்டில் இருக்கிறேன் என்றதை அவள் ஒத்துக்கொள்ளாமல் கண்மாய்க்கு அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் கம்போடு கம்பு தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் கால்பாடம் சொல்லிக் கொடுக்கும் குரலும் கேட்டது. எஸ்தர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தன் காலை இழுக்கான்" என்றாள்.

"எப்பிடிட்டி தெரியும்?"

"மண்ணு சத்தம் கேக்குல்ல."

கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் பாரம் கூடியது. இருதயம் ஓடியது, நின்றது. மறுபடி ஓடும் என்று காத்திருந்தேன். அவள் தலை என் தோளில் வந்து சாய்ந்தது. கண்மாயில் கம்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் விழுந்துவிடுவாள். கூப்பிட்டால் சத்தத்தில் என் உடம்பு அசைந்துவிடும். வடக்குச் சுவரைப் பார்த்தபடி, பாதத்தைத் தரையில் அகட்டி ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கலைந்து அவர் வாசலுக்கு வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்தார். "தூங்குறாளா?" என்றார். அவர் வந்து அவளை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்ட பிறகுதான் திரும்பினேன்.

இந்த நோயுள்ள பிள்ளையின் தாய் தகப்பனுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு வலி வந்து, அது இடம் மாறினால் எண்ணெய் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் கொண்டு போங்கள். கை ஆடினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மாத ஊசியைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகளை ஓட விடுங்கள், ஆட விடுங்கள். உடம்பு சொல்வதையும் கேளுங்கள். அவர் இன்னும் கண்மாயில் பிள்ளைகளின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படிப் பார்த்து அனுப்பிய பிள்ளைகளில் ஒருத்திக்கு இதே காய்ச்சல் இருந்து, நேரத்தில் தெரிந்துகொண்டார்கள். அவள் இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். அவளைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, தாங்க முடியாமலும் இருக்கிறது.

எனக்கு மாதம் இன்னமும் ஊசிக்கு ஊசிதான். அந்த நாள் வந்தால் காலையிலேயே விழிப்பு வந்துவிடும். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று எழுந்து உட்காருவேன், பிறகு ஞாபகம் வரும். முதுகு எனக்கு முன்பெல்லாம் இருப்பதே தெரியாது. இப்போது அதுதான் உடம்பிலேயே அதிகம் தெரிகிறது. சாயங்காலமானால் அங்கே ஒரு சூடு ஏறும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சாய்வு வைத்த நாற்காலி போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த டீச்சர், "ஏன் இப்படி நுனியிலயே உக்காந்திருக்கீக? நல்லாச் சாஞ்சு உக்காருங்க" என்று அன்போடு சொல்கிறாள். சரி என்று சொல்கிறேன். சாய்வதில்லை.